அவரவர் கால் குழி

மலையடிக் காட்டில் பாறையன் என்றொரு காட்டெருமை இருந்தான். அந்தக் கோடையில் ஓடைகள் வற்றிவிட்டன. தண்ணீர் மிஞ்சியது ஒரே ஒரு குளத்தில்தான். அதன் கரையில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. உச்சி வெயிலில் எல்லா விலங்குகளும் அந்த நிழலுக்கு வந்துவிடும்.

கரையோ வெறும் மண்கரை, மிதிபட மிதிபட இறங்கிவிடும். அதனால் நிழலில் நிற்பவர்கள் போகும்போது ஆளுக்கு ஓர் உருண்டைக் களிமண்ணைக் கரையில் அப்பிவிட்டுப் போவது வழக்கம். கீரிக்கும் ஓர் உருண்டைதான், பாறையனுக்கும் ஓர் உருண்டைதான்.

கரையைக் கவனித்துக்கொண்டவள் சுழலி என்ற நீர்நாய். ஒரு நாள் அவள் எல்லோரையும் கூட்டினாள்.

"கரை இறங்கிக்கொண்டே போகிறது. இனி ஆளுக்கு ஓர் உருண்டை என்பது சரிப்படாது. அவரவர் கால் பதிந்த குழியை அவரவரே மூடிவிட்டுப் போகட்டும்," என்றாள்.

கீரி தன் காலடியைத் திரும்பிப் பார்த்தது. புல்கூட மடங்கியிருக்கவில்லை. யானை தும்பிக்கையால் களிமண்ணை அள்ளத் தொடங்கியது.

பாறையனுக்குத்தான் சுருக்கென்றது. "நான் கனமாகப் பிறந்தது என் குற்றமா?"

"குற்றம் என்று யார் சொன்னது அண்ணா? கரை தாங்கும் பாரத்தைத்தான் சொல்கிறேன்."

"நிழல் எல்லோருக்கும் பொது!"

"கரையும் பொதுதானே?"

பாறையனுக்குக் கோபம்தான் கூடியது.

மரத்தின் பின்பக்கம், கரையின் மேலேயே, ஒரு புதர் இருந்தது. அதன் மறைவில் நின்றால் யார் கண்ணிலும் பட வேண்டாம். மறுநாளிலிருந்து பாறையன் அங்கேதான் நின்றான். வெயில் தாழ்ந்ததும் குழியை மூடாமல் நழுவிவிடுவான். எல்லோரையும் ஏய்த்துவிட்டதாக நினைத்தான். ஆனால் சுழலி எதிரே வந்தால் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான்.

ஒரு நண்பகலில் அவன் கால்கள் சில்லென்றன. குனிந்து பார்த்தான். அவன் குளம்பு பதிந்த குழிகளில் குளத்து நீர் கசிந்து நிறைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையின் மறுபுறச் சரிவு பிளந்து, தண்ணீர் கீழே பாயத் தொடங்கியது.

யாரும் பார்க்கவில்லை. இப்படியே போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது சரிவின் அடியிலிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. அங்கேதான் கீரி குட்டி போட்டிருந்த வளை.

"கரை உடைகிறது! ஓடி வாருங்கள்!" என்று கத்திக்கொண்டே பாறையன் அந்த உடைப்பில் படுத்துவிட்டான். தண்ணீர் அவன் முதுகில் வந்து மோதியது. அவன் அசையவில்லை.

யானை களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. மற்றவர்கள் வாயிலும் கொம்பிலும் சுமந்து வந்தார்கள். சுழலி சந்துகளை அடைத்தாள். கீழே கீரி தன் குட்டிகளைக் கவ்விக் கவ்வி மேட்டில் சேர்த்தது.

"குட்டிகள் எல்லாம் இருக்கின்றனவா?" என்று படுத்தபடியே கேட்டான் பாறையன்.

"எல்லாம் பத்திரம் அண்ணா. நனைந்திருக்கின்றன, அவ்வளவுதான்," என்றது கீரி.

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கசிவு நின்றது. குளமும் தப்பியது. அவன் மெதுவாக எழுந்தான்.

"சுழலி, உடைத்ததே நான்தான். புதருக்குப் பின்னால் இருந்த குழிகள் என்னுடையவை."

"இவ்வளவு பெரிய குளம்பு இந்தக் காட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?" என்றாள் சுழலி. "ஆனால் உடைப்பில் நீங்கள் படுத்திருக்காவிட்டால் குளம் போயிருக்கும். எங்களால் அது ஆகாது. வாருங்கள், யானையோடு சேர்ந்து இந்த மண்ணை மிதித்துக் கொடுங்கள், இறுகட்டும்."

பாறையன் மிதித்தான். பிறகு தன் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பினான். நினைத்த அளவுக்கு அது பெரிய வேலையாக இல்லை. முடித்துவிட்டுச் சுழலியின் பக்கத்திலேயே நின்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

பொது இடத்தின் மேல் அதிகப் பாரம் ஏற்றுகிறவர், அதைச் சீர்செய்வதிலும் அதிகப் பங்கு ஏற்பதே நியாயம்.