சாக்கடை மேல் வீனஸ்

ரோமுக்குத் தெற்கே ஒரு துறைமுக ஊர். காதல் தெய்வமான வீனஸுக்கு அந்த ஊரில் ஒரே ஒரு கோயில்தான் இருந்தது. அதையும் போயும் போயும் ஊரின் பெரிய சாக்கடைக்கு மேலேதான் கட்டியிருந்தார்கள்.

வட்டமான சின்னக் கோயில் அது. நடுவில் தேவி நின்றாள். அவள் காலடியில், தரையில் ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதற்குக் கீழே ஊரார் குளித்த தண்ணீரும் மீன் அலசிய தண்ணீரும் சளசளவென்று கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை ரோஜா மாலை சாத்தினாலும் அந்த வாடை போகாது.

ஊர் மன்றத்தாருக்கு ஒரு நாள் வெட்கம் வந்துவிட்டது. தேவிக்குப் புதுக் கோயில் கட்ட ரோமிலிருந்து வெத்தியஸ் என்ற ஸ்தபதியை வரவழைத்தார்கள். வெத்தியஸ் நாற்பதைத் தாண்டியவர். பல ஊர்களில் வீனஸுக்குக் கோயில் எழுப்பிய கை. அந்தப் பெருமை அவருக்கு முன்னே நடந்து வரும்.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். தேவிக்குக் கோயில் கட்ட வருகிறவர் முதலில் பூசாரியிடம் சீடராக இருக்க வேண்டும். பூசாரி "போதும்" என்று சொன்ன பிறகுதான் அடிக்கல் போடலாம்.

பூசாரி ஹொஸ்தீலியா. வெத்தியஸைவிட வயதில் சிறியவள். சீடர் வாசனைத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வருவதைப் பார்த்தாள். வந்ததும் வராததுமாக அவர் கேட்டார்:

"அம்மா, அழகுக்கும் அன்புக்கும் இவள்தானே அதிபதி? இவளைக் கொண்டுவந்து சாக்கடை மேல் நிறுத்தியிருக்கிறீர்களே, ஏன்?"

"நீங்கள் எங்கே நிறுத்துவீர்கள்?"

"குன்றின் மேல். நல்ல காற்று வருகிற இடத்தில்."

"சாக்கடை?"

"தேவிக்கு எதற்கு அம்மா சாக்கடை?"

ஹொஸ்தீலியா சிரித்தாள். ஒரு துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தினமும் காலையில் அவள் கொக்கி வைத்த நீளக் கழியைத் திறப்புக்குள் விட்டு, அடைத்து நிற்கும் குப்பையை இழுத்து வெளியே போடுவாள். கை கழுவுவாள். பிறகுதான் தேவிக்கு மாலை. ஸ்தபதி அந்த நேரம் பார்த்து வாசல் பெருக்கப் போய்விடுவார்.

கோயிலுக்கு வருகிற கூட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக வருவார்கள். தேவிக்கு உகந்த மிர்ட்டில் கிளையை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் திறப்பைப் பார்த்தபடி மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுவார். மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு கிளை கைமாறும்.

ஒரு நாள் மீன் விற்கிற வாரஸும் அவன் மனைவி நேவியாவும் வந்தார்கள். நேவியா கிளையை வாங்கினாள்.

"இந்த மனுசன் ஊருக்கெல்லாம் நல்லவரு தாயே! எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட வலை காயப் போட்டுட்டுத்தான் வந்தாரு. வந்தவரு என் முகத்தையாவது பாத்தாரா? பசிக்குதுன்னாரு!"

வாரஸின் முகம் செத்துவிட்டது. கிளை அவன் கைக்கு வந்தது. 

"எனக்கு அழுகை வந்துச்சு தாயே. அதை எப்படிக் காட்டுறதுன்னு தெரியல. அதான் பசிக்குதுன்னேன்."

நேவியா மூக்கைச் சிந்தினாள். இருவரும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"இது கோயிலா, மீன் சந்தையா?" என்றார் ஸ்தபதி. "என் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டை கிடையாது. ஒரு குரல் உயர்ந்தது கிடையாது."

"கொடுத்து வைத்தவர். உங்கள் மனைவி சௌக்கியமா?"

வெத்தியஸ் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்."

"எப்போது வருவாள்?"

அது அவருக்கே தெரியாது. மனைவி செப்திமியா போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. அவள் போன அன்று படுக்கை விரித்திருந்தது, குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. "போய் வருகிறேன்" என்று பணிவாகத்தான் சொன்னாள். ஏன் போனாள் என்று அந்த மனிதருக்கு இன்றுவரை புரியவில்லை. இரவு தூக்கமும் இல்லை. இந்தக் கோயிலை மட்டும் பிரமாதமாகக் கட்டிவிட்டால், தேவி மனம் குளிர்ந்து அவளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதற்காகத்தான் துடைப்பத்தைக்கூடத் தொட்டார்.

மறுநாள் குருவிடம் கேட்டார்: "புதுக் கோயில் எழும்பும் வரை இந்தத் திறப்பையாவது மூடிவிடலாமா?"

"மூடுங்கள்."

"நிஜமாகவா?"

"நீங்கள்தானே ஸ்தபதி!"

வெத்தியஸுக்கு இளமை திரும்பிவிட்டது. வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு பலகை செதுக்கினார். நடுவில் ஒரு புறா. திறப்பின் மேல் அதை வைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். ஒரு மயிர்கூட நுழைய முடியாது. கோயில் முழுக்க ரோஜா மணம் நிறைந்தது. மூக்குத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஹொஸ்தீலியா கொக்கிக் கழியைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

சில நாள் கழித்து வாரஸும் நேவியாவும் ஏதோ மனத்தாங்கலோடு வந்தார்கள். பளபளக்கிற கல்லைப் பார்த்ததும் தயங்கினார்கள். நேவியா கிளையைக் கையில் எடுத்தாள். புறாவைப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"எல்லாரும் நல்லா இருக்கணும் தாயே," என்றாள்.

"ஆமா," என்றான் வாரஸ்.

இருவரும் கும்பிட்டார்கள். அவள் ஒரு தெரு வழியாகப் போனாள், அவன் வேறொரு தெரு வழியாகப் போனான்.

"பார்த்தீர்களா, எவ்வளவு அமைதி!" என்றார் ஸ்தபதி.

"பார்த்தேன்," என்றாள் குரு.

பிறகு மழை பிடித்தது. விட்டபாடில்லை. ஒரு நாள் காலை கோயில் கதவைத் திறந்த வெத்தியஸ் அப்படியே நின்றுவிட்டார். சலவைக்கல்லின் விளிம்பில் சாந்து பிளந்து, கறுப்புத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தேவிக்குக் கணுக்கால் வரை சாக்கடை. தெருவில் அண்டை வீட்டாரின் கூச்சல்.

"அம்மா! என்ன செய்வது?"

ஹொஸ்தீலியா பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் நின்றாள். "மூடியவர் திறக்க வேண்டியதுதான்," என்றாள்.

தன் புறாவைத் தன் சம்மட்டியாலேயே உடைத்தார் வெத்தியஸ். கொக்கிக் கழிக்கு அடைப்பு அசையவில்லை. மண்டியிட்டு, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டார். கந்தல் துணி வந்தது. மீன் தலை வந்தது. அறுந்த செருப்பு வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருந்த ஒரு பெரிய பொதி வந்தது. அது முழுக்க அழுகிப்போன ரோஜா மாலைகள். கோயில் குப்பையிலிருந்து மழைத் தண்ணீர் தெருவாய்க்கால் வழியாகச் சாக்கடைக்குள் அடித்துக்கொண்டு போனவை.

கீழே பெரிய சத்தம் கேட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

தெருக்காரர்கள் அப்பாடா என்று கலைந்தார்கள். அவர்களோடு நின்ற நேவியா மட்டும் வாரஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அந்தக் கிளையை எடுங்க ஐயா. அன்னிக்குச் சொல்லாம போனது இன்னும் நெஞ்சுல நிக்குது. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசியே நாளாச்சு."

சேறு சொட்டுகிற கையால் வெத்தியஸ் கிளையை எடுத்துக் கொடுத்தார். இந்த முறை வாசல் பெருக்கப் போகவில்லை. நேவியா கத்தினாள், வாரஸ் கேட்டான். பிறகு வாரஸ் கத்தினான். ஸ்தபதி அந்த இடத்தைவிட்டு நகராமல் இரண்டையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை சுத்தமாக இல்லை.

அவர்கள் போன பிறகு தேவியின் காலைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அம்மா, ஒன்று கேட்கட்டுமா? இந்தக் கோயிலை நான் நன்றாகக் கட்டிக் கொடுத்தால் செப்திமியா திரும்பி வருவாளா?"

"கோயில் இருக்கட்டும். நாளைக்கே அவள் அண்ணன் வீட்டுக்குப் புறப்படுங்கள்."

"போய் என்ன சொல்ல? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அம்மா."

ஹொஸ்தீலியா மிர்ட்டில் கிளையைத் தண்ணீரில் அலசி, ஈரம் உதறி, அவரிடம் நீட்டினாள்.

"நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். இதை அவள் கையில் கொடுத்து, 'நம் வீட்டில் உனக்கு எது நாறியது?' என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் மூக்கைப் பொத்தாதீர்கள்."