பொன்னுரங்கத்தின் வேகம்

"டீச்சர், நல்ல போர்டும் நல்ல ரேமும் வாங்கிப் போட்டா என் மெஷின் இன்னும் எவ்வளவு வேகம் போகும்?"

கேட்டுக்கொண்டேதான் பொன்னுரங்கம் மாடிப்படி ஏறினார். கையில் சிபியு, தோளில் கேமராப் பை. நாற்பத்தெட்டு வயசு மூச்சு வாங்கியது.

ரிப்பேர் மேஜையில் ரெஜினா டீச்சர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த போர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பொன்னுரங்கத்தைவிடப் பதினைந்து வயசு சின்னவர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் திருச்சி மெயின்கார்டுகேட் பக்கம் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன வழக்கமும் கிடையாது.

"இப்ப எப்படிப் போகுதுண்ணே?"

"பறக்குது. போன தீபாவளிக்கு நானே ஓவர்க்ளாக் பண்ணேன். கம்பெனி வச்ச வேகம் நாலு கிகாஹெர்ட்ஸ். நான் கிட்டத்தட்ட அஞ்சுல ஓட்டுறேன்."

"அப்புறம் என்ன குறை?"

"அதுக்கு மேல ஏத்தணும்னா இந்தச் சாதா போர்டு தாங்காதாம். விலை கூடினது வேணுமாம். அதுக்குத் தகுந்த ரேமும் வேணுமாம்."

"வாங்கிட வேண்டியதுதானே."

"அதுக்குத்தான் கேமராவை விக்கிறேன். வாங்குற பையன் கீழ டீக்கடைக்கு வந்துக்கிட்டு இருக்கான்."

டீச்சர் இப்போது தலையைத் தூக்கினார்.

"இருக்கறதே அது ஒண்ணுதானேண்ணே? கல்யாண வீடியோவை எதை வச்சுப் பிடிப்பீங்க?"

"வாடகைக்கு எடுத்துக்குவேன். பிடிக்கிறதை எவன் வேணா பிடிப்பான் டீச்சர். சட்டுபுட்டுனு எடிட் பண்ணிக் குடுக்கிறவனுக்குத்தான் அடுத்த கல்யாணம்."

"மெஷினைப் போடுங்க."

போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளையாக நாலு வரி வந்தது. வாய் ரேமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, விரல் தன்பாட்டுக்குப் போய் ஒரு விசையைத் தட்டிவிட்டு வந்தது.

"இருங்க. இப்ப என்னத்த அழுத்துனீங்க?"

"எஃப்-ஒன்."

"எதுக்கு?"

"அழுத்தினாத்தானே உள்ள போகும்."

"தினமுமா?"

"தினமும்தான். வேலை முடிஞ்சா செவுத்து சுவிட்சையும் அணைச்சுடுவேன், இடி மின்னலுக்குப் பயந்து. மறுபடி போட்டா இது வந்து நிக்கும். ஓவர்க்ளாக் பண்ண மறுநாளே ஆரம்பிச்சுது. வேகம் ஏத்துன மெஷின்னா ஒரு எச்சரிக்கை குடுக்கத்தானே செய்யும்?"

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"அது... இங்கிலீஷ்ல என்னமோ."

டீச்சர் சிபியுவின் பிளக்கைப் பிடுங்கினார். பத்து எண்ணும் நேரம் சும்மா இருந்தார். திரும்பச் செருகினார். அதே நாலு வரி. பொன்னுரங்கத்தின் விரல் போவதற்குள் கீபோர்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"படிங்கண்ணே."

எழுத்துக்கூட்டிப் படித்தார். முதல் தடவை ஏறவில்லை. இரண்டாம் தடவை ஏறியது.

நீங்கள் வைத்த அமைப்புகள் அழிந்துவிட்டன. கம்பெனி வைத்தபடியே தொடர எஃப்-ஒன் அழுத்தவும்.

பொன்னுரங்கம் திரையிலிருந்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்... அப்படின்னா?"

டீச்சர் சிபியுவைத் திறந்து, உள்ளே போர்டிலிருந்த சின்ன வட்ட பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து மீட்டரில் வைத்தார்.

"உயிரே இல்ல. கரண்ட் இல்லாதப்ப மெஷினுக்கு ஞாபகம் வச்சுக்கறது இதுதான். நீங்க செவுத்துல அணைச்சதும் ஏத்தி வச்ச வேகமெல்லாம் அதுக்கு மறந்து போயிடுது. மறுபடி போடும்போது நீங்களே எஃப்-ஒன் அழுத்தி இறக்கி விட்டுடறீங்க."

"எத்தனை நாளா?"

"நீங்கதான சொன்னீங்க. மறுநாள்லேருந்து."

பொன்னுரங்கம் பக்கத்திலிருந்த பிரிண்டர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பெட்டி அமுங்கியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"இல்ல டீச்சர். அது பறந்துச்சு. என் கையால ஓட்டுன எனக்குத் தெரியாதா?"

டீச்சர் வாதம் பண்ணவில்லை. பொன்னுரங்கம் பிடித்து எடிட் பண்ணிய ஒரு தாலிகட்டுப் பகுதியை எடுத்து, கம்பெனி வேகத்திலேயே முழு வீடியோவாக மாற்றவிட்டார். நாலு நிமிஷம் நாற்பது செகண்ட். அப்புறம் வேகத்தை அவர் சொன்ன அஞ்சுக்குப் பக்கத்தில் ஏற்றினார். அதே பகுதி. நாலு நிமிஷம் பத்தொன்பது.

"இருபத்தொரு செகண்ட்," என்றார் பொன்னுரங்கம். "அவ்வளவுதானா? அந்த விலை கூடின போர்டு போட்டா?"

"இன்னொரு அஞ்சாறு செகண்ட் கிடைக்கலாம்."

டீச்சர் மெஷினை அணைத்தார்.

"வேகம் ஏத்தறதுக்கு முந்தின வருஷம் எத்தனை கல்யாணம் முடிச்சுக் குடுத்தீங்கண்ணே?"

"பத்தொன்பது."

"ஏத்தினதா நினைச்ச பிறகு?"

"முப்பத்தொண்ணு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

"முன்னெல்லாம் பொண்ணோட அப்பா அழற இடத்தை வெட்டவா விடவான்னு அரை நாள் முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன் டீச்சர். மெஷின் மெதுவுன்னு திட்டுவேன். இந்த வருஷம் அப்படி உக்காரல. அதான் பறக்குதே, நாம ஏன் நிக்கணும்னு..."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

போன் அடித்தது. "அண்ணே, நான் டீக்கடைல நிக்கிறேன். கேமரா எங்க?"

"அது விக்கறதுக்கில்ல தம்பி."

"காலையில விக்கிறேன்னீங்களே!"

"காலையில எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

போனை வைத்தார். டீச்சர் ஒரு புது பேட்டரியைப் பிரித்து, குழிக்கு நேர்மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதைப் போட்டா ஏத்தின வேகம் ஏத்தினபடியே நிக்கும். எஃப்-ஒன் வராது. வேகம் மெஷினோடதா உங்களோடதான்னு அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. போடட்டுமாண்ணே, வேணாமா?"