தாளாளர் கொடுத்த பித்தளைக் குடம்

பித்தளைக் குடத்தில் புளியங்கொட்டை விழுந்தால் ‘ணங்’ என்னும். மண்பானையில் விழுந்தால் ‘டொக்’. அந்த ‘டொக்’ ரூபவதியின் காதைவிட்டு வெகுகாலம் போகவில்லை.

பள்ளியின் நன்மாணாக்கர் சங்கத்துக்குத் தலைவி தேர்தல். நடத்துகிறவள் அதுவரை தலைவியாக இருந்த ரூபவதி. திரைக்குப் பின்னே போய், பிடித்தவள் பானையில் கொட்டையைப் போட வேண்டும். தாளாளர் சபாபதி தம் மகள் மங்கைக்கென்று வீட்டுப் பித்தளைக் குடத்தையே கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற ஜெபமணிக்கு மண்பானை.

“திரை இருந்தா என்ன, எனக்குக் காது இருக்கு. மண்பானைச் சத்தம் கேட்டா, போட்டவ பேரை அப்பவே சங்கத்திலேருந்து அடிச்சிடணும்” என்றார் ரூபவதியிடம்.

“சரிங்கய்யா. எதிரே நீங்க இருந்தா பிள்ளைங்க பயப்படும். பக்கத்து அறையில உக்காந்து கேளுங்க.”

கேட்டார். முதல் ஓட்டே ‘டொக்’.

“யாருடி அவ? அடி பேரை!”

“உங்க மகதாங்கய்யா. எதிர்த்து நிக்கிறவளுக்கே முதல் ஓட்டைப் போடறது எங்க சங்கத்து மரியாதை. அடிச்சிடட்டுமா?”

திரைக்குப் பின்னாலிருந்து மங்கையின் சிரிப்புக் கேட்டது. தாளாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். பிறகு பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்டுப் போட்டார்கள். ஜெபமணி ஜெயித்தாள்.

அப்பாவுக்குப் பின் மங்கைதான் தாளாளரானாள். தேர்தலுக்கென்று இரண்டு மண்பானை வாங்கிக் கொடுத்தாள்.