ரிப்பனுக்குக் காத்திருந்த பூட்டு

ஒரு கடலோர ஊரில் கால்பந்து ஸ்டேடியம் ஒன்று இருந்தது. அந்த ஊர் டீம் முட்டி மோதித் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் ஸ்டேடியத்துக்கு முதல் தரம் கிடைத்தால்தான் சொந்த ஊரில் ஆடலாம். இல்லாவிட்டால் சீசன் முழுக்கப் பக்கத்து ஊர் மைதானம்தான்.

தரம் பார்க்க ஆள் வருகிற நாளில் அங்கே எல்லாவற்றுக்கும் தலைக்கனம். நான் இல்லாவிட்டால் ராத்திரி மேட்சே கிடையாது என்றது விளக்குக் கோபுரம். பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காத வி.ஐ.பி. நாற்காலி, தன்மேல் இதுவரை தூசிகூட உட்கார்ந்ததில்லை என்று பீற்றிக்கொண்டது.

கோல் கம்பத்துக்கு மட்டும் கவலை. பெண்கள் கழிப்பறைக் கதவில் தொங்கிய பூட்டைக் கூப்பிட்டது.

"டேய், இன்னிக்கு ஒருநாள் திறந்து தொலைடா."

"திறப்பு விழா நடக்கல. ரிப்பன் வெட்டாம நான் வாயைத் திறக்க மாட்டேன். உள்ளே டைல்ஸ் எப்படி மின்னுது தெரியுமா?"

"யாருக்கு மின்னுது?"

பூட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வந்த அதிகாரி பெயர் வசந்தமாலை. 'சார்' ஒருவர் வருவார் என்றுதான் மைதானக் காவலர் கிளீட்டஸ் எதிர்பார்த்திருந்தார். இருந்தாலும் உபசரிப்பில் குறை வைக்கவில்லை. வாசலில் இளநீர், கேலரியில் மோர், வீரர்கள் உடை மாற்றும் அறையில் டீ. வேண்டாம் என்றால் கிளீட்டஸின் முகம் தொங்கிப்போனது. பாவமென்று வசந்தமாலை எல்லாவற்றையும் குடித்தார்.

விளக்கு பாஸ். புல் பாஸ். உட்கார்ந்ததும் வழுக்கிவிட்ட நாற்காலிகூட பாஸ்.

அப்புறம் அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். கிளீட்டஸ் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"புத்தம்புதுசு மேடம். அழுக்காயிடக் கூடாதுன்னு பூட்டியே வச்சிருக்கோம்."

"சாவி?"

சாவி கால்பந்துச் சங்கத் தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. தலைவரோ திறப்பு விழாவுக்கு மந்திரியை அழைக்கச் சென்னை போயிருந்தார்.

உடைங்கய்யா அதை என்று கோல் கம்பம் கத்தியது. கம்பம் கத்தினால் யார் காதில் விழும்? வசந்தமாலை எதிர்வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்து, பெண்கள் கழிப்பறை இல்லை என்று எழுதினார்.

"இருக்கே மேடம்," என்றார் கிளீட்டஸ்.

"திறக்காத கதவு எனக்குச் சுவர்தான் அண்ணே. மேட்ச் பாக்க வர்ற பொம்பளைங்க எங்க போவாங்க, எதிர்வீட்டுக்கா?"

கிடைத்தது இரண்டாம் தரம். டீம் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறியது. கொடியைத் தூக்கிக்கொண்டு ஊரும் பின்னாலேயே போனது.

அதன் பிறகு மந்திரி வந்தார். ரிப்பன் வெட்டினார், கைதட்டல் வாங்கினார், போய்விட்டார். கிளீட்டஸ் கதவை மறுபடியும் பூட்டினார்.

"பாத்தியா," என்றது பூட்டு, "இன்னும் ஒரு கறை இல்ல."

கோல் கம்பம் தன் வலையைக் குனிந்து பார்த்தது.

"எங்கிட்டயும்தாண்டா. ஒரு பந்துகூடப் படல."