தேநீர் நிறத் தண்ணீர்

ஏரிக்கரை மடத்தில் சிவகாமவல்லி அம்மைக்கு சபாநாயகம் என்றொரு சீடர் இருந்தார். அம்மைக்கு நாற்பது வயது. துறவு கொள்ளுமுன் குடிநீர் ஆய்வு செய்தவர். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

மடத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட புது ஆழ்துளைக் கிணற்றில், பால் விடாத, தூள் குறைத்துப் போட்ட தேநீர் போல இளமஞ்சளாகத் தண்ணீர் வந்தது. அம்மை அப்போது யாத்திரை போயிருந்தார். சபாநாயகம் பிளீச்சிங் பவுடர் போட்டார். மருந்து வாடை அடித்தது. நிறம் போகட்டும் என்று இன்னும் போட்டார். வாடைதான் கூடியது.

பிள்ளைகள் அதைத் தொடாமல் வாய்க்காலில் குடித்தார்கள். பூவரசி என்ற சிறுமி வயிற்றுப்போக்கு கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

அம்மை திரும்பி வந்ததும் சபாநாயகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு போடணும், அம்மா?"

அம்மை ஒரு குவளையில் கிணற்று நீரைப் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, ஐயா?"

"அழுக்கு."

"எந்த அழுக்கு?"

சபாநாயகம் குவளையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள். சபாநாயகம் கிணற்று நீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே நீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, அது திருப்பிக் காட்டும் ஒளியைப் பார்த்துச் சொன்னார்கள்: சாக்கடை கலக்கவில்லை, ஏரிக்கடியில் புதைந்த கோரையும் இலையும் ஊறி இறங்கிய சாறு இது. பிளீச்சிங் பவுடர் இதோடு சேர்ந்தால் புதிதாகக் கேடு உண்டாகும். முதலில் படிகாரத்தால் தெளியவைத்து, கரியில் வடிகட்டி, பவுடரைக் கடைசியில் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

சபாநாயகம் அப்படியே செய்தார். தண்ணீர் தெளிந்தது. பூவரசி இரண்டாவது டம்ளர் கேட்டபோது முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை அம்மையிடம் உற்சாகமாக வந்தார். மலையடிவாரத்துக் கிளை மடத்திலும் கிணற்று நீர் மஞ்சளாம். நாளைக்கே இதே முறையைச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அந்தத் தண்ணியைச் சோதிச்சீங்களா?"

"ரெண்டும் ஒரே நிறம்தானே, அம்மா."

அம்மை சிரித்தார்.

"உபதேசம் வேணும்னு என்கிட்ட வந்தீங்களே. அன்னைக்கே சொன்னேனா?"

"இல்லை. ஒரு வருஷம் சும்மா பக்கத்துல உட்கார வெச்சீங்க."

"வந்திருக்கறது யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா, ஐயா?"