முந்நூறு சிவப்புப் பாட்டில்கள்

குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு அறுபத்தெட்டு.

மலையடிவார மடத்தில் சாண எரிவாயுக் குழியைப் பார்த்துக்கொள்ளும் சங்கரவடிவுதான் குரு. தலைமையாசிரியராக இருந்து ஊரையே ஆட்டிப்படைத்த ஆவுடையப்பன் சீடர். வந்த அன்றே அவர் கையில் சாணி வாளியைக் கொடுத்தாள். அவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் ஆர்வக்கோளாறு யாரை விட்டது? தீனி கூடினால் வாயுவும் கூடும் என்று நினைத்து, அன்னதானத்தில் மிஞ்சிய ஒரு அண்டா சோற்றை ஒரே மூச்சில் குழியில் கொட்டிவிட்டார். குழி புளித்துப்போனது. அடுப்பு அணைந்தது. சமையல்காரர்கள் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரை முறைத்தார்கள்.

"ரெண்டு மாசத்துல வர்ற மடத்துக் குருபூசைக்குள்ள அடுப்பு எரியலேன்னா ஊருக்கே போயிருதேன் அம்மா" என்றார் ஆவுடையப்பன்.

சங்கரவடிவு ஒரு குடத்தை எடுத்தாள். புளித்த நீரைக் குடம் குடமாக இறைத்து, பக்தர்கள் விட்டுப்போன முந்நூறு காலிப் பாட்டில்களில் நிரப்பினாள். வயலுக்காக வைத்திருந்த சிவப்புக் கரைசலை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றி, மூடி, வெயிலில் அடுக்கினாள்.

"இது என்னது அம்மா?"

"ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. வெயில்ல வச்சா புளிப்பைத் தின்னும்."

"குழிக்குள்ள இருக்கதும் இதுதானா?"

"அதுக வேற. அடுப்புல எரியிற மீத்தேன் வாயுவை உண்டாக்குறது அதுகதான். காத்துப் பட்டாலே செத்துரும்."

ஆவுடையப்பன் தினமும் முந்நூறு பாட்டிலையும் வெயிலுக்குத் திருப்பி வைத்தார். இடுப்பு விட்டுப்போனது. மூன்றாம் வாரம் எல்லாம் செக்கச்செவேல் என்றாயின. அந்த நீரைச் சிறுகச் சிறுகக் குழிக்குத் திருப்பி ஊற்றினார்கள். சாணமும் அளந்துதான் போட்டார்கள்.

குருபூசைக் காலையில் சமையல்காரர் தீக்குச்சியைக் கிழித்தார். நீலத் தழல் நின்று எரிந்தது. ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுகணமே வெட்கம் வந்து, குழியடிக்கு ஓடிவந்தார்.

"பெருமையை விடணும்னுதான் அம்மா மடத்துக்கு வந்தேன். இப்ப நெஞ்சு விம்முது. என்ன செய்ய?"

சங்கரவடிவு அவர் கையைப் பிடித்து, வாயு நிறைந்து மேலே எழும்பியிருந்த குழி மூடியின் மேல் வைத்தாள்.

"பாட்டில்ல இருந்ததுக வெயிலையாவது பாத்துச்சு. இதுக்குள்ள இருக்கதுக எதையும் பாக்கல. அதுக மூட்டுன அடுப்பையும் பாக்கப் போறதில்ல. அதுகளுக்கும் சேத்து நீங்க பெருமைப்படுங்க ஐயா. போயி அடுப்பு முன்னாடி நில்லுங்க."