கடைசி சிபில்

பீடத்துக்கு மேலே, வளைவில், ஐந்து பெண்கள். கிறிஸ்து பிறக்குமுன்பே அவர் வரவைச் சொன்னவர்கள் என்று மேல்நாட்டுக் கோயில்களில் தீட்டி வைப்பார்களே, அந்தச் சிபில்கள். வேதம் போய்ச் சேராத ஊர்களில் அருள் வந்து குறி சொன்னவர்கள்.

நாலு பேரை ஓவியர் அகஸ்டினா தீட்டியிருந்தாள். ரோஜாக் கன்னம், மூடிய வாய், மடியில் புத்தகம். கடைசி ஆளைத் தன் சீடப்பெண் கிளாடிஸிடம் விட்டிருந்தாள்.

கிளாடிஸின் சிபில் கறுப்பு. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது.

பங்குச்சாமியார் அண்ணாந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னம்மா இது, கடற்கரையில சாமியாடுறவ மாதிரி? நாளைக்கு ஆயர் கோயிலை மந்திரிச்சுத் திறக்க வர்றார். இவளை வெள்ளையடிச்சு அழிச்சிருங்க."

"மத்த நாலு பேரும் என்ன செஞ்சாங்க ஃபாதர்?" என்றாள் கிளாடிஸ். "அவங்களும் குறிதானே சொன்னாங்க?"

"அவங்க தீர்க்கதரிசிங்க."

"இவ?"

"பேய் பிடிச்சவ. குறி சொல்றவளுக்கெல்லாம் கோயில்ல இடம் கிடையாது. வாயாடாம வேலையைப் பாரு."

கிளாடிஸுக்குக் காது மடல் கொதித்தது. அகஸ்டினாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. தீர்க்கதரிசி யாரு, பேய் பிடிச்சவ யாருன்னு எதை வச்சுப் பிரிக்கிறது?"

அகஸ்டினா அவளைப் பார்க்கவில்லை. "வெள்ளையைக் கலக்கு."

"அப்ப நீங்களும் அவர் பக்கந்தானா?"

"கலக்கு புள்ள."

"இவளை அழிச்சீங்கன்னா இனிமே உங்ககிட்ட நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன். சத்தியமா."

"சரி. கட்டி தட்டாம கலக்கு."

கிளாடிஸ் கலக்கினாள். கலக்கிய வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட ரோஷம் இடங்கொடுக்கவில்லை.

அகஸ்டினா வாளியோடு சாரம் ஏறினாள். பலகைமேல் நடந்தாள். கறுப்புச் சிபிலைத் தாண்டிப் போனாள். முதல் சிபிலின் எதிரே நின்றாள். மழைக்காலம் முழுக்க அவளே உட்கார்ந்து இழைத்த முகம்.

பட்டைப் பிரஷ்ஷை முக்கி, நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பு.



"ஐயையோ, நிறுத்துங்க!" சாமியார் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "நான் சொன்னது அந்தக் கடைசிக்காரியை! இவளை ஏன் அழிக்கிறீங்க?"

அகஸ்டினா இரண்டாவது முகத்துக்கு நகர்ந்தாள். பிரஷ்ஷிலிருந்து வெள்ளை சொட்டியது.

"குறி சொல்றவளுக்கு இங்க இடமில்லைன்னீங்க ஃபாதர். அதான் வரிசையா வர்றேன். எந்த ஊர்க்காரின்னு பார்த்து அழிக்க எனக்குத் தெரியாது."